செல்லாக் காசுக்குச் சங்கிலி எதுக்கு?

வா பேராண்டி, உக்காரு. காலேசுக்குன்னு தனியாக் காசு அடிக்கப் போறியாம்ல? உங்காத்தா ஊரெல்லாம் சொல்லிட்டு வாறா. வகுப்புக்கு ஒழுங்கா வந்தாக் காசு, நூலகத்துல உக்காந்து படிச்சாக் காசு, மரம் நட்டாக் காசு. சேத்த காசைக் கேன்டீன்ல குடுத்தாப் போண்டா. பேஷ்! முன்னே ராசா அடிச்சாரு, பிறவு சர்க்காரு அடிச்சுச்சு, இப்ப மூணாம் வருசம் கம்ப்யூட்டர் படிக்கிற நீ அடிக்கிறே. நம்ம வம்சம் தழைச்சுப் போச்சு.

குறை சொல்லல சாமி. பெரியவன்னு ஒருத்தன் திண்ணையில இருக்கேனேன்னு நாலு யோசனை சொல்றேன், குறிச்சுக்க.

காசுக் கணக்கைப் பிளாக்செயின்ங்கிற சங்கிலியில எழுதினா அழிக்கவே முடியாதுங்கிறே. ரொம்ப நல்லது. மாரிமுத்து செவ்வாக்கிழமை மூணு போண்டா தின்ன சங்கதி அவன் கொள்ளுப்பேரனுக்குத் தெரியாமப் போயிரக் கூடாது பாரு. ஆனா மாரிமுத்து ஹாஸ்டல்ல இழுத்துப் போத்தித் தூங்கிட்டு, போனை மட்டும் கூட்டாளிகிட்டக் குடுத்து வகுப்புக்கு அனுப்புறானே, அப்பவும் காசு மாரிமுத்துக்குத்தான ஏறும்? அந்தப் பொய்யும் அழியாது. எழுதினதை எவனும் திருத்தாமக் காவல் காக்கும் உன் சங்கிலி. எழுதினது மெய்யா பொய்யான்னு அதுக்கு எப்படிடா தெரியும்?

இந்த மாதிரிச் சங்கிலியில ஓடுற பிட்காயின் 2009ல வந்துச்சு. ஆளுக்கு ஆள் முகம் தெரியாத, நடுவுல நாட்டாமைன்னு ஒருத்தர் இல்லாத கூட்டத்துக்குக் கணக்கு எழுத உண்டானது அது. உண்டாக்கினவர் பேரு சடோஷி நகமோட்டோங்கிறாக. ஆளு யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. உங்க காலேசு அப்படியா? தாளாளர் இருக்காரு, முதல்வர் இருக்காரு, கேன்டீன் குத்தகைக்காரரு தாளாளருக்கு மச்சினரு. கணக்கை நாலு கம்ப்யூட்டர்ல பிரிச்சு வச்சிருக்கோம், ஒண்ணை ஒண்ணு சரிபார்க்கும்ங்கிறே. அந்த நாலும் எங்க இருக்கு? ஒரே லேப்ல. லேப் சாவி எங்க? அட்டெண்டர் இடுப்புல. களவு போக வழியே இல்லடா!

அப்புறம் வேகம். பிட்காயின்ல ஒரு பிளாக் சேர ஏறக்குறைய 10 நிமிசம் ஆகும். உங்க இடைவேளையே 15 நிமிசம். காசு போய்ச் சேர்ந்தாச்சுன்னு உறுதியாகும்போது டீ ஆறி ஆடை கட்டியிருக்கும், மணியும் அடிச்சிருக்கும். வேகமான சங்கிலி வேற இருக்கும்பே. இருக்கட்டும். கல்லாப்பெட்டி மேல ஒரு டப்பா உக்காந்துக்கிட்டு, யுபிஐ-ல பணம் விழுந்ததும் "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்துதே, அதோட நீ ஓடி செயிக்கணும். ஓடு, பாக்கேன்.

படிச்சவுக செஞ்ச கதையும் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில 2014ல மாணவருகளே பணம் திரட்டி, இளநிலை படிக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100 டாலர் மதிப்புக்குப் பிட்காயின் குடுத்தாக. 3,000 பேருக்கு மேல வாங்கிக்கிட்டாக. பத்துல ஒருத்தன் ரெண்டு வாரத்துக்குள்ளயே டாலரா மாத்திக்கிட்டான். கொஞ்சம் பேரு கடையில குடுத்துச் சாப்பிட்டாக. முக்கால்வாசிப் பேரு செலவழிக்காமக் கையிலயே வச்சுக்கிட்டாக. வச்சவனை மடையன்னு சொல்ல முடியாது. அந்த 100 டாலர் 2021 நவம்பர்ல 20,000 டாலர் வரைக்கும் போச்சு. இப்ப உன் கேன்டீனுக்கு வா. காசு விலை ஏறும்னா எந்தப் பய போண்டா வாங்குவான்? இறங்கும்னா எந்தக் குத்தகைக்காரரு காசை வாங்குவாரு? எப்படிப் பார்த்தாலும் போண்டா தட்டுலயேதான் கெடக்கும்.

"இல்ல தாத்தா, என் காசு விலை மாறாது, ஒரு காசுன்னா எப்பவும் ஒரு ரூவா"ங்கிறியா? அப்ப அது கூப்பன்தானடா. அதுக்கு எதுக்கு நாப்பது பக்க அறிக்கையும் கோட்டு சூட்டும்?

சர்க்காரு கணக்கையும் பாத்துக்க. 2022 ஏப்ரல்லேருந்து கிரிப்டோ வித்து வர்ற லாபத்துக்கு 30 சதவீதம் வரி. நட்டம் வந்தா அதை வேற வரவுல கழிக்கவும் விடமாட்டாக. அதே வருசம் ஜூன் மாசம் இன்னொரு அறிவிப்பும் போட்டாக: காசு வாங்காமக் குடுக்கிற, பொருளோ தள்ளுபடியோ வாங்குறதுக்கு மட்டும் ஆகுற வெகுமதிப் புள்ளி இந்தக் கணக்குல சேராதுன்னு. புள்ளின்னு வச்சாப் பொழைச்சே. சந்தையில விக்கிற காசுன்னு வச்சா, மாரிமுத்து போண்டாவுக்கு ஆடிட்டர் தேடணும்.

ஸ்டார்பக்ஸ் தெரியும்ல? உலகம் பூராக் காப்பி விக்கிற கம்பெனி, பணத்துக்குப் பஞ்சம் இல்ல. அவனும் ஒடிசின்னு பேரு வச்சு, வாடிக்கையாளருக்கு பிளாக்செயின்ல வெகுமதி குடுக்கிறேன்னு 2022 டிசம்பர்ல தொடங்கினான். 2024 மார்ச்ல மூட்டை கட்டிட்டான். காப்பிக்கு நட்சத்திரம் குடுக்கிற பழைய திட்டம் மட்டும் இன்னும் ஓடுது.

உங்க கேன்டீன்லயும் ஒரு காசு ஏற்கெனவே ஓடுது, நீதான் கவனிக்கல. சில்லறை இல்லைன்னா ஒரு ரூவாய்க்கு ஒரு மிட்டாய் எடுத்து வைக்கிறாருல்ல? பதினஞ்சு மிட்டாயைச் சேத்து வச்சு மறுநாள் "ஒரு டீ போடுங்கண்ணே"ன்னு நீட்டிப் பாரு. மொறைப்பாரு. குடுத்தவரே திருப்பி வாங்கலேன்னா அது என்ன காசு?

அதனால புரோகிராம் எழுதுறதைக் கொஞ்சம் நிறுத்திட்டு ரெண்டு கையெழுத்து வாங்கிட்டு வா. "இத்தனை காசு குடுத்தா ஒரு டீ தாரேன்"னு குத்தகைக்காரரு ஒண்ணு போடணும். "அதுக்குண்டான ரூவாயை மாசாமாசம் 5ந் தேதிக்குள்ள அவருக்குக் குடுத்திருவோம்"னு தாளாளரு ஒண்ணு போடணும். ரெண்டும் கெடைச்சா, கணக்கைக் கோடு போட்ட நோட்டுல எழுதினாலும் உன் காசு செல்லும். கெடைக்கலேன்னா எந்தச் சங்கிலியில கட்டினாலும் செல்லாது.