கலரு பார்த்து அடுக்கின தம்பிக்கு

தம்பி, நம்ம பெரம்பூர்ல நீ திறந்திருக்கிற படிப்பகத்தைப் பார்த்தேன். கண்ணு பட்டுடும்பா, சுத்திப் போடு. சிவப்பு அட்டை ஒரு தட்டு, நீலம் ஒரு தட்டு, மஞ்சள் தனியா. இதுல ஒரு நன்மை இருக்கு, கேளு. எவனும் எந்தப் புத்தகத்தையும் கண்டுபிடிக்க மாட்டான். எடுத்தாத்தானே கிழியும்? சர்க்கரை வியாதிக்கு என்ன திங்கலாம்னு தேடி வந்த மளிகைக்கடைக்காரரு பச்சைத் தட்டுல கைய விட்டாரு. வந்தது பாம்பு புக்கு. அட்டை பச்சைதான், உன்மேல குத்தம் சொல்ல முடியாது.

இருந்தாலும் கெழவன் வாய் சும்மா இருக்காதே. ரயில்வே ஸ்டோர்ஸ்ல காலம் தள்ளினவன் நான். அங்க ஒத்தை போல்ட்டுக்கும் எட்டு இலக்கத்துல பி.எல். நம்பர் உண்டு. முதல் ரெண்டு இலக்கமே அது எந்த இனம்னு காட்டிக் குடுத்துடும். பளபளப்பைப் பார்த்து நாங்க அடுக்கியிருந்தா வண்டி வில்லிவாக்கம் தாண்டியிருக்காது.

புத்தகத்துக்கு அப்படி நம்பர் போட்டவரு அமெரிக்காக்காரர் மெல்வில் டூயி, 1876ல. அறிவையெல்லாம் பத்து பாகமாப் பிரிச்சாரு. பாகம் பிரிக்கிறவன் கை எந்தப் பக்கம் சாயும்னு உனக்குத் தெரியாதா? மதத்துக்கு 200. அதுல 220லேருந்து 289 வரைக்கும் கிறிஸ்தவத்துக்குப் பட்டா. மத்த சாமிங்க எல்லாம் 290ல ஒண்டுக்குடித்தனம். நம்ம முருகனும் மாரியாத்தாளும் 294.5. இங்கிலீஷ் இலக்கியத்துக்கு 820 முழுசா. தமிழுக்கு 894.811, சங்கப் பாட்டெல்லாம் அந்தச் சந்துக்குள்ளதான். ரயிலையும் ரெண்டு துண்டாக்கிட்டாரு: வண்டி ஓட்டுற தொழிலு 385, பெட்டி கட்டுறது 625. 1955லேருந்து பெட்டி கட்டுற ஐ.சி.எஃப். பத்தி ஒருத்தன் எழுதினா எங்க வைப்ப?

இதைப் பார்த்துத் தலையைச் சொறிஞ்சவரு சீர்காழிக்காரர் ரங்கநாதன். பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியார். 1924ல அவரைக் கொண்டுபோய் சென்னைப் பல்கலைக்கழக நூலகரா உட்கார வெச்சாங்க. லண்டனுக்குப் படிக்கப் போன இடத்துல, செல்ஃப்ரிட்ஜஸ் கடையில மெக்கானோ பொம்மையைப் பார்த்தாரு. இரும்புப் பட்டை, நட்டு, போல்ட்டு. அதே துண்டுங்களை வெச்சு கிரேனும் பண்ணலாம், பாலமும் பண்ணலாம். புத்தகத்துக்கு மட்டும் எதுக்கு ரெடிமேடு நம்பர், துண்டு துண்டாப் பூட்டிக்கலாமேன்னு தோணிடுச்சு. பூட்டுறதுக்கு எடுத்துக்கிட்டது முக்காற்புள்ளி, இங்கிலீஷ்ல கோலன். 1933ல கோலன் பகுப்பு முறை புத்தகமா வந்துச்சு.

பின்னி மில்லு 1921 வேலைநிறுத்தம் பத்தின புக்கைச் சிவப்புத் தட்டுல வெச்சிருக்கே. தெரியாம வெச்சாலும் பொருத்தமா வெச்ச! டூயி கணக்குல அது 331ல, தொழிலாளர் விவகாரத்துல போய் உட்காரும். ரங்கநாதன் அஞ்சு கேள்வி கேப்பாரு: எது, எதால ஆனது, என்ன நடந்துச்சு, எங்க, எப்போ. பதிலுக்கெல்லாம் நம்பரைப் போட்டுக் கோத்துடுவாரு. பள்ளிக்கூடத்துல பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில்னு பெயர்ச்சொல்லை ஆறாப் பிரிச்சு வாத்தியார் உன் காதைத் திருகினாரே, பாதி அங்கயே வந்துடுச்சு பாரு.

ஆனா முழு நம்பரும் எழுதினா புத்தகத்தோட முதுகு பத்தாது. மருத்துவம், நுரையீரல், காசநோய், எக்ஸ்ரே, இந்தியா, 1950கள்னு ஒரே புக்குக்கு எழுத்தும் எண்ணும் புள்ளியுமா நீண்டுக்கிட்டே போகும். ஒட்டுறவன் பாவம். அதான் இங்க பல நூலகங்க டூயி கிட்டயே ஒதுங்கிட்டாங்க. ஆகஸ்ட் 12, ரங்கநாதன் பொறந்த நாளை நூலகர் தினம்னு கொண்டாடுவோம். மறுநாள் காலையில அமெரிக்கா நம்பரை ஒட்டுவோம். நம்ம மரியாதை அம்புட்டுத்தான்.

உன்கிட்ட இருக்கிறது ரெண்டு பீரோ. உனக்கு டூயியும் வேணாம், முக்காற்புள்ளியும் வேணாம். வைத்தியம், சமையல், ரயிலு, ஊர்க்கதை, பாட்டுன்னு பிரி. முதுகுல சீட்டு ஒட்டு, நோட்டுல எழுதி வை. 1931ல ரங்கநாதன் எழுதின அஞ்சு விதியில நாலாவது, வாசகன் நேரத்தை மிச்சம் பண்ணுங்கறது. கலர் ஆசை விடலைன்னா அந்தச் சீட்டுக்குக் கலர் அடிச்சுக்கோ. பசைக்குக் காசு கேட்டு மட்டும் என் வீட்டுப் பக்கம் வந்துடாதே.