சிங்கப்பூர்லிருந்து ரெண்டே மணி நேரம்

மூணு வருசத்துக்கு முன்னால கிளம்பும்போது, "சிங்கப்பூரு என்ன தூரமுங் அப்புச்சி, நாலரை மணி நேரந்தான்"னு செல்போனைக் காட்டிச் சொன்னீல்ல கண்ணு, அன்னைக்கே உன்ற கணக்கைத் திருத்தியிருக்கோணும். உங்கம்மா பக்கத்துல முறுக்குச் சுத்திக்கிட்டிருந்தா. அவ முன்னால எதுக்குன்னு உட்டுட்டேன்.

நாலரைங்கறது பிளேனோட கணக்கு. பீளமேட்டுல சக்கரம் உருண்டதுலிருந்து அங்க சாங்கியில போய் நிக்கற வரைக்குந்தான் டிக்கெட்டுல போடறான். நீ என்ன ரன்வேயிலயா குடியிருக்கற? மதுக்கரையில இந்தத் திண்ணையிலிருந்து எண்ணு. அன்னைக்கு மரப்பாலத்துல ஒரு லாரியும் பஸ்ஸும் "நீ பின்னால போ, நீ பின்னால போ"ன்னு மொறச்சுக்கிட்டு நின்னது நெனப்பிருக்குதா? அதைத் தாண்டி குனியமுத்தூரு, உக்கடம், அவிநாசி ரோடுன்னு ஏரோட்ரோம் போய்ச் சேர ஒண்ணரை மணி. வெளிநாட்டுப் பிளேனுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே வந்து நில்லுங்கறான். அங்க எறங்கிப் பெட்டியப் பொறுக்கி ரூமுக்குப் போக இன்னொரு ஒண்ணரை. கூட்டிப் பாரு. பத்தரை! படிச்ச புள்ள, எட்டாங் கிளாஸோட நின்னவன் சொல்லித்தர வேண்டியிருக்குது.

தூரமும் அப்படித்தான். 3,160 கிலோமீட்டர் சொச்சம்ங்குது உன்ற செல்போனு. அது பூசணிக்காய் மேல நூல் புடிச்சு அளந்த கணக்கு. மேப்புல சுத்துவழியாத் தெரியறதுதான் உருண்டை மேல கிட்ட வழி. அப்படித்தான் 2021 சனவரியில ஜோயா அகர்வால்னு ஒரு அம்மணி, கூட இருந்த பைலட்டுங்களும் பொம்பளைங்கதான், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்து மேலால ஏர் இந்தியா பிளேனைப் பெங்களூருக்கு ஓட்டியாந்தாங்க. 14,000 கிலோமீட்டர் கிட்ட, 17 மணி நேரம். அம்புட்டுத் தூரம் வந்தாங்க. உனக்கு லீவு கெடைக்கல.

காத்தும் ஒரு ஆளு பாத்துக்க. ஆடி மாசம் வாளையாறு ரோட்டுல சைக்கிள் மிதிச்சா, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மூஞ்சியில அடிச்சு எட்டிமடை போறதுக்குள்ள நாக்குத் தள்ளிப்போகும். திரும்பி வரும்போது அதே காத்து முதுகைத் தள்ளும், பெடலத் தொடவே வேண்டாம். முப்பதாயிரம் அடிக்கு மேலயும் மேற்கேயிருந்து கெழக்கே அப்படியொரு காத்து ஓடுதாம். அதனாலதான் மெட்ராசுலிருந்து லண்டன் போற பிளேனுக்குப் போறப்ப நேரம் கூட, வர்றப்பக் கம்மி.

இனிமேதான் சங்கதி. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மதைவிட ரெண்டரை மணி முன்னால ஓடுது. அங்க ராத்திரி 8 மணிக்கு ஏறு. நாலரை மணி பறந்து பீளமேட்டுல எறங்கு. இங்க சுவத்துக் கடிகாரத்துல மணி 10தான் ஆகியிருக்கும். ஆக, வர்றதுக்கு ரெண்டே மணி நேரம். நான் பொள்ளாச்சி சந்தைக்குப் போயிட்டு வர்ற நேரம் கண்ணு! ரெண்டு மணி நேரத்துத் தூரத்துக்கு மூணு வருசம் எடுத்துக்கிட்டவன் இந்தச் சில்லாவுலயே நீ ஒருத்தன்தான்.

தீபாவளிக்கு டிக்கெட்டப் போடு. ஏரோட்ரோமுக்கு நானே எக்ஸெல் வண்டியில வந்து கூட்டியாறேன். பெட்டி மட்டும் சின்னதாக் கொண்டா.