தீவகத்துக்குப் படகு விடும் பெருந்தகைகளுக்கு

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் படகு விடும் பொறுப்பைக் கையில் வைத்திருக்கும் பெருந்தகைகளே, உங்களை வாயாரப் புகழ்ந்து ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை. இறங்குதுறை வெயிலில் நின்ற களைப்பில் தீவகத்துச் சனம் உங்களுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டது. அவர்களுக்காக அந்தக் கடனை நான் அடைக்கிறேன்.

முதலில் உங்கள் சமநீதியைப் போற்ற வேண்டும். பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணையும் புங்குடுதீவும் கடந்து குறிகட்டுவான் வந்து சேர்ந்தால் எல்லாரும் உங்களுக்கு ஒன்றுதான். கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிளினிக் முடித்துத் திரும்பும் நெடுந்தீவுக் கிழவி, எவரையும் நீங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குத் திருவிழா நடக்கும் ஆனி மாதத்தில் துறை நிறைய ஆட்கள். தீவைப் பார்க்கப் போகிறவர் முண்டியடித்து ஏறுகிறார். தீவில் வாழப் போகிறவள் அரிசிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு அடுத்த படகை எதிர்பார்க்கிறாள். பார்க்க வந்தவருக்கு அது ஒருநாள் அனுபவம். அவளுக்கு ஆயுள் முழுவதும் அந்த அனுபவத்தைக் கொடுத்திருக்கிறீர்களே, அந்தத் தாராளத்தை என்னென்பது!

உங்கள் படகுகளின் வீரத்தையும் சொல்ல வேண்டும். வடதாரகை, நெடுந்தாரகை, எழுதாரகை என்று ஒளி வீசும் பெயர்களை வைத்தீர்கள். பூமாலை போட்டு, நாடா வெட்டி, படம் எடுத்துக் கடலில் இறக்கினீர்கள். பிறகு அவை அடிக்கடி பழுதாகிக் கரையில் ஒதுங்கின. இதைக் குறை என்று சொல்பவர்கள் புறநானூறு அறியாதவர்கள். தொண்டைமானின் வேல்கள் நெய் பூசி மாலை சூட்டி வீட்டில் அழகாக இருக்க, அதியமானின் வேல்கள் முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடந்ததை அல்லவா ஒளவை பெருமையாகப் பாடினாள்! உங்கள் படகுகளோ ஒளவை காணாத புதுமை. மாலை சூட்டிய அழகில் தொண்டைமானின் வேல். பட்டறையில் கிடக்கும் பெருமையில் அதியமானின் வேல். இரண்டு மன்னர்களின் புகழையும் ஒரே படகில் ஏற்றியவர்கள் நீங்கள்தான்.

நயினாதீவுக்கு இருபது நிமிடக் கடல் போதும். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். தீவகத்து ஆசிரியர்களுக்கு உடல் உறுதி வேண்டும் என்று நீங்கள் கருதியிருக்கிறீர்கள் போலும். எஞ்சின் புகையில், கீழ்த்தட்டின் புழுக்கத்தில், வாடைக்காற்று அலையைத் தூக்கி அடிக்கும் மாதங்களில் சத்தி எடுத்தபடி போய் இறங்கும் ஆசிரியர் அன்றைக்குப் பாடமும் நடத்துகிறார். கடல் கொந்தளித்துச் சேவை நின்றால் பள்ளிக்கூடத்தில் பாடமும் நிற்கிறது. பிள்ளைகளுக்கு ஓய்வு கொடுக்கிற கருணை அது.

உங்கள் மருத்துவ நம்பிக்கை எல்லாவற்றிலும் பெரிது. பிற்பகலில் கடைசிப் படகு போய்விட்டால், மறுநாள் காலை வரை நெடுந்தீவில் எவருக்கும் நெஞ்சு வலிக்காது, எந்தத் தாய்க்கும் நோவு எடுக்காது, பாம்பு கடிக்காது என்று உறுதியாக நம்புகிறீர்கள். உங்கள் நம்பிக்கையை மதிக்காத சில நோய்கள் இரவில் வந்துவிடுகின்றன. அப்போது கடற்படைப் படகோ, மீனவர் ஒருவரின் வள்ளமோ இருட்டில் புறப்படுகிறது. நோயாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தெறிக்கும் உப்புத் தண்ணீரைக் கையால் மறைத்தபடி வரும் உறவினரின் வாயில் வேண்டுதல் நிற்காது. உங்களால் பக்தி வளர்கிறது.

ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவே எதிர்க்கரை ஆட்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத்தான் கடல். அதைக் கடக்கப் ‘பாதை’ என்ற மிதவை உண்டு. அது பழுதானால் யாழ்ப்பாணப் பட்டினத்தையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதே கடலின் நடுவில்தான் பறங்கியர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கடற்கோட்டை நிற்கிறது. 1971இல் ஜே.வி.பி. தலைவர் ரோகண விஜேவீரவை அடைத்து வைத்திருந்த இடம். இன்று அது கடற்படையின் விடுதி. விருந்தினரைக் கோட்டைக்கு ஏற்றிப்போகப் படகு தவறுவதில்லை. விருந்தோம்பலில் தமிழரையும் மிஞ்சிவிட்டீர்கள்.

படகைப் போலவே மின்சாரத்திலும் உங்கள் அரசுக்கு அவசரமில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரியனாலும் காற்றாலும் மின்சாரம் தரும் வேலையை 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தீர்கள். இந்தியா முகம் சுளித்தது, வேலை நின்றது. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் புது ஒப்பந்தம் எழுதினீர்கள். இரண்டு வல்லரசுகள் போட்டியிடும் அளவுக்கு எங்கள் தீவுகளை உயர்த்தியிருக்கிறீர்கள். அந்த வல்லரசுகளின் தூதர்களுக்கும் அமைச்சர்களுக்கும் வேகப்படகு ஒருநாளும் பழுதானதில்லை.

குமுதினி என்ற படகைப் பற்றி மட்டும் உங்களைப் புகழ எனக்கு வாய் வரவில்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, கைக்குழந்தை உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அந்தப் படகே பிறகும் பல ஆண்டுகள் அதே வழியில் அதே ஊர்ச் சனத்தை ஏற்றி ஓடியது. உறவைப் பறிகொடுத்தவர்கள் அதில் ஏறிச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். வேறு வழி இல்லாததால் போனார்கள்.

மற்றபடி நெடுந்தீவில் எல்லாம் பழமை மாறாமல் காக்கப்படுகிறது. பெருக்கு மரம் நிற்கிறது. முருகைக்கல் வேலிகள் நிற்கின்றன. கட்டாக்காலிக் குதிரைகள் வறட்சி வந்தால் தண்ணீர் தேடிச் சாகின்றன. காலைப் படகில் வந்து பிற்பகல் படகில் திரும்பும் பயணிகள், “என்ன அமைதி!” என்று வியக்கிறார்கள். படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கரைக்குக் குடிபெயர்ந்து பூட்டிக் கிடக்கும் வீடுகளின் அமைதி அது. அதை உண்டாக்கியவர்களில் முதல்வர்கள் நீங்கள்.

இவ்வளவு புகழுக்கும் பதிலாக மூன்று கேட்கிறேன். சொன்ன நேரத்தில் புறப்படும் படகும், ஒன்று பழுதானால் அன்றே மாற்றுப் படகும் வேண்டும். எந்த இரவிலும் புறப்படத் தயாராக நெடுந்தீவுத் துறையில் நோயாளர் படகு நிற்க வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் தீவில் வாழ்பவர்களை முதலில் ஏற்ற வேண்டும். இவற்றுக்குப் பணம் போதுமா என்று யோசிப்பதற்கு முன், வாடைக்காற்றுக் காலத்தில் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் குறிகட்டுவானுக்கு வாருங்கள். சனத்தோடு வரிசையில் நின்று, கீழ்த்தட்டில் இருந்து நெடுந்தீவுக்குப் போய், அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள்.