உயிரோடு இருந்தால் 140, செத்தால் 10 லட்சம்

கருணாபுரம். பெயர் வைத்தவர் நல்ல மனசுக்காரர். கள்ளக்குறிச்சி ஊருக்குள்ளேயே இருக்கிறது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். இத்தனை காவலுக்கு நடுவில்தான் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 65 பேருக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். இழவுக்கு வந்தவர்களும் அதே பாக்கெட்டைப் பிரித்தார்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மதுப்பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறும் மனநோய்தான். ஆக, அந்தத் தெருவில் குடிக்கு அடிமையானவர் சட்டப்படி நோயாளி, ஓ.பி. சீட்டு வாங்கி மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். விடிவதற்கு முன்பே அவருக்குக் கை நடுங்கும், உடம்பு வேர்க்கும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். அந்த நேரத்தில் ஓ.பி. திறக்காது. அரசாங்கக் கடையோ பகல் 12 மணிக்குத்தான். அங்கே மலிவான குவார்ட்டரே அப்போது 140 ரூபாய். மூட்டை தூக்கப் போகிறவர் அதுவரை நடுங்கிக்கொண்டே நிற்க வேண்டுமா? பாதி விலைகூட இல்லாத பாக்கெட்டோடு விடியலிலேயே தயாராக இருந்தார் சாராய வியாபாரி. நேரம் தவறாத ஒரே டியூட்டி டாக்டர்!

இந்த நோயாளிகளை அரசு கைவிட்டது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2023-24ல் மட்டும் டாஸ்மாக் வருமானம் 45,855 கோடி ரூபாய். அவ்வளவு அக்கறையாகக் கவனித்திருக்கிறார்கள். மது உயிருக்குக் கேடு என்று எழுதியும் வைத்திருக்கிறார்களே, கவுன்சலிங் அதோடு முடிந்தது.

சாவுக்குப் பிறகு எல்லாம் வேகம். ஆட்சியர் மாற்றம், எஸ்.பி. சஸ்பெண்ட், குடும்பத்துக்கு 10 லட்சம், ஆயுள் தண்டனை வரை போகும் சட்டத் திருத்தம். அந்தத் திருத்தம் சட்டமன்றத்துக்கு வந்தபோதுதான் அன்றைய நீர்வளத்துறை அமைச்சர் துரைமுருகன் நோயைக் கண்டுபிடித்தார்: உழைத்துக் களைத்தவனுக்கு டாஸ்மாக் சரக்கில் கிக் போதவில்லையாம், அதனால் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போகிறானாம். தண்ணீருக்குப் பொறுப்பான அமைச்சருக்குத் தெரியாததா!

அமைச்சர் அய்யா, கை நடுக்கம் நிற்க வேண்டும் என்றுதான் விடியலில் அந்தச் சாராய வியாபாரியின் வாசலுக்குப் போனார்கள் பலர். நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறது. விலையும் குவார்ட்டரை விடக் குறைவு.