பொம்மைக்கடையில் ஒரு பூண்டுச் சம்சாரி

ஒரே பெயர்ப்பலகை, ஒரே விலை, ஒரே புன்னகை ஆகிய மூன்றும் பல ஊர்களில் ஒருசேரக் கிடைக்கும் இடம் சங்கிலிப் பொம்மைக்கடை. இந்த வகையில் மூத்தது ஹாம்லீஸ். வில்லியம் ஹாம்லி 1760-இல் லண்டனில் ‘நோவாவின் பேழை’ என்ற பெயரில் தொடங்கிய கடை அது. 2010-இல் மும்பைக்கு வந்தது. 2019-இல் ரிலையன்ஸ் குழுமம் அந்த நிறுவனத்தையே ஏறத்தாழ 6.8 கோடி பவுண்டுக்கு வாங்கிவிட்டது.

மலையில் இருப்பவர்கள் இத்தகைய கடைக்கு வாடிக்கையாளர் ஆக வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் தமிழ் பேசும் ஊரான வட்டவடையிலிருந்து மூணாறு, அடிமாலி, கோதமங்கலம் வழியாகக் கொச்சிக்குப் போய்ச் சேரப் பகலில் பாதி போய்விடும். கீழ்வரும் உரையாடலில் ஒருவர் பூண்டு போடும் சம்சாரி. மற்றவர் அவருடைய அக்காள் மகன். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு சங்கிலிக் கடையில் சூப்பர்வைசர். ஐந்து வயதுப் பேத்தியும் உடனிருக்கிறாள். அவள் பேசுவதில்லை, எடுத்துக்கொண்டே இருக்கிறாள்.

முதலில் வாசல்.

சம்சாரி: என்ன மாப்ள, ரெண்டு இளவட்டம் வாசல்லயே சோப்பு நுரை ஊதிக்கிட்டு நிக்கிதுக. சம்பளத்துக்கா?

மருமகன்: அது டெமோ மாமா. உள்ள வர்றவங்களுக்கு ஒரு அனுபவம் குடுக்கணும்ல. காசெல்லாம் கிடையாது.

சம்சாரி: காசில்லாமக் குடுத்தாத்தான் எனக்குப் பயம். வெதைப் பூண்டும் மொதல்ல அப்படித்தான் குடுத்தாக.

வட்டவடையில் விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய விவசாயி, விளைச்சலை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுப்பது வழக்கம். பொம்மைக்கடையின் இலவசமும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. பெட்டிக்கு வெளியே இருக்கும் பொம்மையைக் குழந்தை தொடலாம், உருட்டலாம், கட்டிப்பிடிக்கலாம். பத்து நிமிடத்தில் அது குழந்தையின் சொத்து. பறித்து அலமாரியில் வைக்கிறவர் பாவி.

சம்சாரி: அலமாரி ஏன் இம்புட்டுத் தணிவா இருக்கு? குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு.

மருமகன்: பிள்ளைங்க கண்ணுக்கு நேரா இருக்கணும் மாமா. பெரியவங்க கண்ணுக்கு நேரா ஆஃபர் போர்டு இருக்கு பாருங்க.

சம்சாரி: அவளுக்குப் பொம்மை, எனக்குப் போர்டா?

அடுத்தது விலை. மலைக்காரர்களுக்குக் கடை புரியாமல் போவது இந்த இடத்தில்தான்.

சம்சாரி: இந்தக் காரு என்ன வெல?

மருமகன்: ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தொம்பது.

சம்சாரி: யாரு போட்ட வெல?

மருமகன்: செஞ்ச கம்பெனி போட்டது.

சம்சாரி: விக்கிறவன் வெலய விக்கிறவனே போட்டுக்கிறலாமா? இது எந்த ஊரு நியாயம்? நான் மூடையக் கொண்டுபோயி வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில எறக்குனா, துண்டுச்சீட்டுல அவுக எழுதுறதுதான் வெல. கழிவு போக, கமிசன் போக மிச்சம். சரி, ஆயிரத்தைந்நூறுன்னு வச்சுக்க.

மருமகன்: பேரம் கிடையாது மாமா.

சம்சாரி: நானும் அங்க பேசுனதில்ல. அவுக பேச விடமாட்டாக. இங்கயாவது பேசலாம்னு வந்தேன்.

பெட்டிமேல் அச்சிட்டிருப்பது எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் அதை அச்சிடச் சொல்கின்றன. அதற்கு மேல் விற்கக் கூடாது. கீழே விற்கத் தடையில்லை. தடையில்லாததாலேயே யாரும் அதைச் செய்வதில்லை. வெளிநாட்டுப் பொம்மை என்றால் விலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. ஜிஎஸ்டி மட்டும் 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது, அதுவும் மின்னணுப் பொம்மைகளை விட்டுவிட்டு. பேத்தி கையில் இருந்தது மின்னணுக் கார்.

சம்சாரி: இதுல ஏதோ முத்திரை குத்தியிருக்கே?

மருமகன்: ஐஎஸ்ஐ மாமா. 2021 ஜனவரியில இருந்து அது இல்லாத பொம்மைய விக்கக் கூடாது.

சம்சாரி: பெரிய கடைன்னா எல்லாத்துலயும் இருக்குமாக்கும்.

மருமகன் இருமுகிறார். காரணம் உண்டு. 2023 ஜனவரியில் அரசு தந்த தகவல்படி, அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முத்திரையில்லாத 18,600 பொம்மைகள் நாடெங்கும் பறிமுதலாயின. சோதனை நடந்தது விமான நிலையங்களிலும் மால்களிலும் இருந்த பெயர்பெற்ற கடைகளில். திருவிழாக் கடையில் வாங்கினால்தான் ஆபத்து, குளிரூட்டிய கடையில் வாங்கினால் பத்திரம் என்ற நம்பிக்கை இன்னும் குறையவில்லை.

மருமகன்: புவிசார் குறியீடு வாங்குன பொம்மைகளுக்கு இந்த முத்திரை வேண்டாம் மாமா. சென்னபட்டணம் மரப்பொம்மை, தஞ்சாவூர் பொம்மை மாதிரி.

சம்சாரி: எங்க பூண்டுக்கும் 2022-ல அந்தக் குறியீடு குடுத்தாக. சான்றிதழைச் சட்டம் போட்டு வச்சிருக்கோம். வடுகபட்டில சட்டத்தைப் பாத்துட்டு, பழைய வெலயவே குடுத்தாக.

மருமகன்: எங்களுக்கு மட்டும் லாபம் கொட்டுதுன்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல டாய்ஸ் ஆர் அஸ்னு ஒரு கடை. ஒரு காலத்துல அதை அடிச்சுக்க ஆளே கிடையாது. மூடிட்டாங்க.

சம்சாரி: பொம்மை விக்கலையா?

மருமகன்: வித்துச்சு. 2005-ல மூணு முதலீட்டு நிறுவனம் சேந்து 660 கோடி டாலருக்கு அந்தக் கடைய வாங்குனாங்க. பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கடைத் தலைமேலயே ஏத்திட்டாங்க.

சம்சாரி: இரு மாப்ள. வாங்குனவுக கடனை வித்த பொருளே கட்டணுமா?

மருமகன்: ஆமா. வருசம் 40 கோடி டாலர் அளவுக்கு வட்டிக்கே போச்சு. கடைய அழகு பண்ணக் காசில்ல, ஆள் போடக் காசில்ல. வாடிக்கையாளர் அமேசானுக்குப் போயிட்டாங்க. 2017 செப்டம்பர்ல திவால், 2018 ஜூன்ல அமெரிக்கக் கடை எல்லாத்தையும் இழுத்துப் பூட்டிட்டாங்க.

சம்சாரி: இதை முன்னாடியே சொல்லக் கூடாது? நான் உன்னைய மொதலாளி பக்கத்து ஆளுன்னுல்ல நெனச்சேன். அந்தக் கடையும் முன்பணம் வாங்குன சம்சாரிதானா!

உரையாடலில் இருவரும் ஒத்துப்போகும் இடம் இது ஒன்றுதான். பில் போடும் மேசை வந்ததும் உறவு மறுபடியும் முறுக்கிக்கொள்கிறது.

மருமகன்: பேட்டரி தனி மாமா, பெட்டிக்குள்ள இருக்காது. பைக்குப் பன்னிரண்டு ரூபா. அப்புறம் உங்க போன் நம்பர்?

சம்சாரி: கடை பேர் போட்ட பைய நான் ஊரெல்லாம் தூக்கிக்கிட்டு அலையணும், அதுக்குக் காசும் நானே குடுக்கணுமா? போன் நம்பர் எதுக்கு? பொண்ணு பாக்க வரப் போறியா?

பெரியவர் அறியாமலே சட்டத்தின் பக்கம் நிற்கிறார். தூக்குப்பைக்கு முன்னறிவிப்பின்றிக் காசு வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு பெரும் சங்கிலிக் கடையின் வழக்கில் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. போன் நம்பர் தந்தால்தான் பில் என்று அடம்பிடிக்க வேண்டாம் என நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. இவ்விரண்டும் பில் மேசையில் எங்கும் ஒட்டப்பட்டிருப்பதில்லை. ஒட்டியிருப்பது வேறொன்று.

சம்சாரி: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.’ வீட்டுக்குப் போயி காரு ஓடலைன்னா?

மருமகன்: சட்டப்படி, பில்லுல நாள் எதுவும் போடலைன்னா முப்பது நாளைக்குள்ள பழுதான பொருளைத் திருப்பி எடுக்கணும் மாமா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எடுக்கலைன்னா நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம். நீங்க கொச்சிக்கு வரவும் வேண்டாம், இடுக்கி மாவட்ட ஆணையத்துலயே புகார் குடுக்கலாம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது.

சம்சாரி: அப்ப பூண்டுக்காசு ஆறு மாசமா வரலை, அதையும் அங்கயே எழுதிக் குடுத்துரவா?

மருமகன்: அது முடியாது மாமா. அந்தச் சட்டம் வாங்குறவங்களுக்கு. பூண்டுல நீங்க விக்கிறவரு.

சம்சாரி: சரி, வாங்குனவனாவே இருந்துட்டுப் போறேன். பில்லைக் குடு.

மருமகன்: பில்லு போனுக்குத்தான் மாமா வரும். நீங்கதான் நம்பரே குடுக்கலையே.

மேசையில் வரிசை நீள்கிறது. பெரியவர் நகரவில்லை. கடைசியில் காகிதப் பில் அச்சாகி வருகிறது. பில் தர மறுப்பதும் அதே 2019 சட்டத்தின்படி முறையற்ற வணிகம்தான். பைக்கான பன்னிரண்டு ரூபாய் அதில் தனி வரியாக அச்சிடப்பட்டிருக்கிறது.