ஆச்சி கேட்ட கேள்வி

இலத்தூரிலிருந்து செங்கோட்டைக்குச் சைக்கிள் மிதித்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. இருந்தும் செங்கோட்டை வாஞ்சிநாதனை நான் முதன்முதலில் பார்த்தது டூரிங் கொட்டகையில்தான். அதுவும் நடிகர் கே. பாலாஜியின் முகத்தில். பி.ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' 1961இல் வந்த படம். எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு அது வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது.

தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். வ.உ.சி.யாக நடித்த சிவாஜி செக்கிழுத்தபோது பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பையன்கள் நாங்கள் மணியாச்சி ஸ்டேஷன் காட்சிக்காகக் காத்துக்கிடந்தோம். வாஞ்சி துப்பாக்கியை நீட்டியதும் விசில் பறந்தது. "நம்மூர்க்காரம்லே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். ஆச்சி மட்டும் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். படம் விட்டு இருட்டில் குளத்தங்கரையோரம் நடந்து வரும்போது மெதுவாகக் கேட்டாள்: "எய்யா, அந்தப் பிள்ளைக்கு வீட்டுல பொண்டாட்டி இருந்திருப்பாள்லா? அவ என்ன ஆனா?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாளே பனைமட்டையைச் செதுக்கித் துப்பாக்கி செய்து தெருவெல்லாம் சுட்டுக்கொண்டு திரிந்தேன்.

வளர்ந்து படித்தபிறகுதான் விவரம் தெரிந்தது. 1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் போகக் கிளம்பி, மணியாச்சியில் இணைப்பு ரயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வாஞ்சி கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. புனலூரில் வனத்துறைக் குமாஸ்தா வேலை பார்த்தவர், புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகியிருந்தார். ஆஷைச் சுட்டுவிட்டு ஸ்டேஷன் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது 25. மனைவி பெயர் பொன்னம்மாள். அந்தப் பெயரைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கேட்டவளுக்குச் சொல்லலாம் என்றால் ஆச்சி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

இப்போது என் பேரன் செல்போன் விளையாட்டில் பழகிப் பழகி இருபது துப்பாக்கிகளின் பெயரை மூச்சுவிடாமல் சொல்கிறான். 'கைதி', 'விக்ரம்' படங்களில் பீரங்கி மாதிரி ஒன்று முழங்க முழங்க ஆட்கள் சாய்கிறார்கள்; தியேட்டர் அதிர்கிறது. சாய்ந்தவர்களில் ஒருவனுக்காவது பெயர் உண்டா என்று பார்த்தேன். ஆச்சி இருந்திருந்தால், யாருடைய பொண்டாட்டியைப் பற்றிக் கேட்டிருப்பாள்?

பந்துலு படத்தில் அந்தத் துப்பாக்கி வெடிப்பதற்கு முன் நீண்ட கதை ஒன்று நடந்திருந்தது. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி நொடிந்தது. 1908இல் அவருக்கு 40 ஆண்டுத் தண்டனை விழுந்தது. அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்ததால்தான் அந்த வெடி நெஞ்சில் இறங்கியது. காரணமும் தெரியாமல், செத்தவன் யாரென்றும் தெரியாமல் வெடிக்கிற துப்பாக்கி வெறும் சத்தம். அதை நான் சினிமா என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குற்றாலத்துக்குச் சாரலுக்கு வருகிறவர்களே, செங்கோட்டையில் வாஞ்சி சிலை முன்னால் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். எடுத்து முடித்ததும் பொன்னம்மாள் பெயரையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.