வேட்பாளர் ஆக முடியாத முன்னாள் அதிபர் கோபித்துக்கொள்வது எப்படி?

முதலில், கோபித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அவரை நீங்களே வளர்த்திருக்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரன் மேல் வரும் கோபத்தில் ருசி இருக்காது. அமெரிக்காவின் தியடோர் ரூஸ்வெல்ட்டை இதில் மிஞ்ச ஆளில்லை. 1904 தேர்தலில் ஜெயித்த இரவே, இனி நிற்க மாட்டேன் என்று அறிவித்தார். 1908-இல், தன் அமைச்சரவையில் போர்த்துறையைக் கவனித்துவந்த வில்லியம் டாஃப்டைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். டாஃப்டுக்கு ஆசை என்னவோ உச்ச நீதிமன்றத்தின் மேல்தான். வேண்டாம் என்று நெளிகிறவரை உட்கார வைத்தால்தான், பின்னாளில் "நன்றி கெட்டவன்" என்று சொல்லும்போது குரல் சரியாக நடுங்கும்.

உட்கார வைத்த கையோடு ஊரைவிட்டுப் போய்விடுங்கள். ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனார். நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் புகார் சொல்ல விரும்புகிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். வனத்துறைத் தலைவர் கிஃபர்ட் பின்ஷாட்டை டாஃப்ட் 1910 ஜனவரியில் வேலையைவிட்டு அனுப்ப, அவர் கப்பலேறி இத்தாலிவரை வந்து ரூஸ்வெல்ட்டிடம் முறையிட்டார். இப்படிச் சேரும் மனத்தாங்கல்களைப் பத்திரப்படுத்துங்கள். 1911-இல் டாஃப்ட் அரசு யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. அந்த மனு, 1907-இல் ரூஸ்வெல்ட் சம்மதித்த ஒரு கொள்முதலில் அவரையே ஏமாற்றிவிட்டார்கள் என்றது. கெட்டவர் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார். ஏமாந்தவர் என்றால் எந்தத் தலைவர் பொறுப்பார்?

இனி நிற்க மாட்டேன் என்ற பழைய வாக்குறுதி குறுக்கே நிற்குமே என்று பயப்படாதீர்கள். ரூஸ்வெல்ட் ஆசிரியர் குழுவில் இருந்த 'அவுட்லுக்' இதழ் ஒரு வழி சொன்னது: காலையில் இன்னொரு காபி வேண்டாம் என்பவர் ஆயுளுக்கும் காபியே வேண்டாம் என்றா சொன்னார்? 1912 பிப்ரவரியில் அவர் களத்தில் இறங்கிவிட்டார்.

அடுத்தது தோற்க வேண்டும். அதிலும் ஜெயித்துவிட்டுத் தோற்க வேண்டும். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்காரர்களே வாக்களித்த மாநிலங்களில் ஒன்பது ரூஸ்வெல்ட்டுக்கு விழுந்தன. அவற்றில் ஒன்று டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹாயோ. ஆனால் ஜூனில் சிகாகோ மாநாட்டுக்கு முன், யார் உண்மையான பிரதிநிதி என்று 254 இடங்களுக்குத் தகராறு வந்தது. கட்சியின் தேசியக் குழு 235-ஐ டாஃப்டுக்குக் கொடுத்து, 19-ஐ ரூஸ்வெல்ட் பக்கம் தள்ளியது. மாநாட்டுத் தலைவர் எலிஹு ரூட், ரூஸ்வெல்ட்டின் அமைச்சரவையில் இரண்டு துறைகள் பார்த்தவர். வளர்த்த கடா ஒன்றுக்கு இரண்டு! ரூஸ்வெல்ட் ஆட்கள் உப்புத்தாளைத் தேய்த்து இன்ஜின் சத்தம் எழுப்பி, எங்கள்மேல் ரோடு ரோலர் ஓட்டுகிறார்கள் என்று கூச்சலிட்டார்கள். டாஃப்ட் 561 வாக்குகளில் வேட்பாளரானார். ரூஸ்வெல்ட் பக்கத்தில் 344 பேர் வாக்களிக்காமலே உட்கார்ந்திருந்தார்கள்.

"திருடிவிட்டார்கள்" என்ற சொல்லை இந்த இடத்தில் எடுங்கள். அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் 1908-இல் டாஃப்டுக்காக இதே ரோடு ரோலரை ஓட்டியவர்கள் ரூஸ்வெல்ட்டின் ஆட்கள்தான். அப்போது அவர்கள் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. இதை யாராவது ஞாபகப்படுத்தினால் காது கேட்காதவர்போல் இருந்துவிடுங்கள்.

தனிக்கட்சி தொடங்க இடம் தேடி அலைய வேண்டாம். ஆகஸ்டில் ரூஸ்வெல்ட், தோற்ற அதே அரங்கத்தில் முற்போக்குக் கட்சியின் மாநாட்டைக் கூட்டினார். பெண்களுக்கு வாக்குரிமை, குழந்தைத் தொழில் ஒழிப்பு என்று உருப்படியான கொள்கைகளும் வைத்தார். கோபத்தில் பிறந்த கட்சிக்கு அவை தேவையில்லை. இருந்தால் தவறும் இல்லை.

சுற்றி இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கவலைப்பட்டால் காரியம் கெட்டுவிடும். இரு அதிபர்களுக்கும் ராணுவ உதவியாளராக இருந்த ஆர்ச்சிபால்ட் பட், யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் நொந்துபோய் ஓய்வுக்கு ஐரோப்பா போனார்; திரும்பி வர ஏறிய கப்பல் டைட்டானிக். ரூஸ்வெல்ட்டின் மருமகன் நிக்கலஸ் லாங்வொர்த், டாஃப்டின் ஊரான சின்சினாட்டியின் காங்கிரஸ் உறுப்பினர். அவர் டாஃப்ட் பக்கம் நிற்க, மனைவி ஆலிஸ் அப்பா பக்கம் நின்றார். மயிரிழையில் போனது மருமகனின் பதவி.

துப்பாக்கிச் சூடு கட்டாயம் இல்லை. அக்டோபரில் மில்வாக்கியில் ரூஸ்வெல்ட்டின் மார்பில் குண்டு பாய்ந்தது. சட்டைப்பையில் மடித்திருந்த 50 பக்கப் பேச்சும் கண்ணாடிக் கூடும் வேகத்தைக் குறைத்தன. குண்டு உள்ளே இருக்க, ஒன்றேகால் மணிநேரத்துக்கும் மேல் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நீளமான பேச்சுக்கு இப்படி ஒரு பயன் உண்டு என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலனுக்கு வருவோம். நவம்பரில் தேர்வாளர் வாக்குகள் டாஃப்டுக்கு 8, ரூஸ்வெல்ட்டுக்கு 88. பதினோரு மடங்கு! ரூஸ்வெல்ட்டைப் பின்பற்றி நீங்களும் இந்த இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். மூன்றாவதாக 435 என்று ஓர் எண் இருக்கும். அது எதிர்க்கட்சியின் உட்ரோ வில்சனுக்கு, 42 சதவீத வாக்குகளோடு கிடைத்தது. மற்ற இருவரும் சேர்ந்து வாங்கியது பாதிக்கும் மேல்.

சமாதானத்துக்கு அவசரப்படாதீர்கள். 1918 மே மாதம் சிகாகோவின் பிளாக்ஸ்டோன் ஓட்டலில் ரூஸ்வெல்ட் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கேள்விப்பட்டு, டாஃப்ட்தான் அவர் மேசைக்கு நடந்து போனார். கைகுலுக்கி உட்கார்ந்தார்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். அதற்குள் இருவரின் பழைய கட்சி 1916 தேர்தலிலும் வில்சனிடம் தோற்றிருந்தது. எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1919 ஜனவரியில் ரூஸ்வெல்ட் இறந்தார். டாஃப்டுக்கு 1921-இல் தலைமை நீதிபதி பதவி கிடைத்தது.